எமிலி டிக்கின்சனின் காதல் கடிதங்கள்: எந்தப் பதிப்பை வாங்குவது?

எமிலி டிக்கின்சனின் கடிதங்களைத் தேடி இணையப் புத்தகக் கடைக்குள் போனால் ஏறக்குறைய ஒரே தலைப்பில் பல நூல்கள் வரிசையாக வந்து நிற்கும். பெரும்பாலான அட்டைகளில் அதே படம்: 1847 வாக்கில் எடுத்தது, கழுத்தில் கறுப்பு ரிப்பன், நேராகப் பார்க்கும் பதினாறு வயதுப் பெண். விலை குறைந்ததை எடுத்துவிடலாம் என்று தோன்றும். அப்படி எடுத்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவர் வாழ்நாளில் யாருக்கு மிக அதிகமாக எழுதினாரோ, அந்தப் பெண்ணுக்கு எழுதிய ஒரு கடிதம்கூட இவற்றில் ஒரு பதிப்பில் இருக்காது. இன்னொன்றில் கடிதம் இருக்கும், அதில் இருந்த முத்தம் இருக்காது. மற்றொன்றில் அந்தப் பெண் மட்டுமே இருப்பார், வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம். எமிலி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹெர்ஸ்ட் என்ற சிறிய கல்லூரி ஊரில் 1830 டிசம்பர் 10 அன்று பிறந்தார். 1886 மே 15 அன்று பிறந்த வீட்டிலேயே இறந்தார். எழுதிய கவிதைகள் ஏறத்தாழ 1,800. உயிரோடு இருந்தபோது அச்சேறியவை பத்துச் சொச்சம், அவையும் பெயரில்லாமல். மணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய காதல் கடிதங்கள் என்று வாசகர்கள் சொல்வது மூன்று கட்டுகளை. பெரிய கட்டு, சூசன் கில்பர்ட்டுக்கு எழுதியது. எமிலி பிறந்து ஒன்பதே நாளில் பிறந்தவர் சூசன். இளமைத் தோழி, 1856இல் எமிலியின் அண்ணன் ஆஸ்டினை மணந்து அண்ணியானார், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டுக்கே குடிவந்தார். இரண்டாவது கட்டு மிகச் சிறியது: 'மாஸ்டர்' என்று விளித்து எழுதிய மூன்று வரைவுகள். அந்த மாஸ்டர் யார் என்பது இன்றுவரை தீராத வழக்கு. மூன்றாவது, வாழ்வின் கடைசிப் பத்தாண்டில் நீதிபதி ஓட்டிஸ் லார்டுக்கு எழுதியவை.

ஒரே கடிதம், வெவ்வேறு பதிப்புகளில்

பதிப்புகளை எடைபோட நான் கையாளும் வழி இது: ஒரே ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு அது ஒவ்வொன்றிலும் என்ன ஆகியிருக்கிறது என்று பார்ப்பது. அதற்குத் தோதானது 1852 ஜூன் 27 கடிதம். சூசன் அப்போது பால்டிமோரில் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஊர் திரும்பும் நாள் நெருங்கிவிட்டது. எமிலி எழுதுகிறார்: 'சூசி, வருகிற சனிக்கிழமை நிஜமாகவே வீட்டுக்கு வந்துவிடுவாயா, மறுபடியும் என்னுடையவளாகி, முன்பெல்லாம் தந்ததுபோல எனக்கு முத்தம் தருவாயா?' இன்னும் கொஞ்சம் தள்ளி, இனிமேல் காத்திருக்க முடியாது என்கிறார். உன் முகத்தை மறுபடி பார்க்கப்போகிறேன் என்ற நினைப்பே உடம்பைக் காய்ச்சலாகச் சுடுகிறது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது என்கிறார்.

1894இல் மேபல் லூமிஸ் டாட் இரண்டு பாகங்களாக வெளியிட்ட முதல் தொகுப்பில் இந்தக் கடிதம் இல்லை. சூசனுக்கு எழுதிய எந்தக் கடிதமும் இல்லை. 1932இல் சூசனின் மகள் மார்த்தா டிக்கின்சன் பியாங்கி வெளியிட்ட நூலில் கடிதம் உண்டு. ஆனால் முதல் வாக்கியம் 'வருகிற சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவாயா?' என்பதோடு முடிந்துவிடுகிறது. முத்தம் போய்விட்டது, காய்ச்சலும் படபடப்பும் போய்விட்டன. மிஞ்சியது, தோழியை எதிர்பார்க்கும் ஓர் அடக்கமான பெண்ணின் கடிதம். 1958இல் தாமஸ் ஜான்சனின் ஹார்வர்டு பதிப்பில் விடுபட்டதெல்லாம் திரும்பி வந்தது. வந்த பிறகும் அதைப் பலர் கவனிக்கவில்லை. 1970களில் ஆய்வாளர் லிலியன் ஃபேடர்மன் இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்துக் காட்டிய பிறகுதான் பேச்சு எழுந்தது. 1998இல் எல்லன் லூயிஸ் ஹார்ட், மார்த்தா நெல் ஸ்மித் இருவரும் சூசன் கடிதங்களை மட்டும் தனி நூலாக்கினார்கள். 2024இல் ஹார்வர்டின் புதிய முழுத்தொகுப்பு வந்தது. இந்த இரண்டிலும் கடிதம் முழுசாக இருக்கிறது.

இந்த வெட்டுகளுக்குப் பின்னால் ஒரு குடும்பச் சண்டை இருக்கிறது. அது தெரியாமல் பழைய பதிப்புகளைப் படிக்கவே கூடாது. ஆஸ்டினுக்கும், ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் மனைவியான மேபல் டாடுக்கும் 1882இல் தொடங்கிய உறவு ஆஸ்டின் 1895இல் இறக்கும்வரை நீடித்தது. சூசன் வீட்டில் ஒடுங்கிப்போனார். எமிலி இறந்தபின் தங்கை லவினியா, அக்கா கேட்டுக்கொண்டபடி அவருக்கு வந்த கடிதங்களையெல்லாம் எரித்தார். பிறகு பெட்டிக்குள் கவிதைக் கட்டுகள் கிடைத்தன. முதலில் சூசனிடம் கொடுத்தார். சூசன் தாமதித்ததால் திரும்ப வாங்கி மேபலிடம் ஒப்படைத்தார். கவிதைகளின் முதல் தொகுதி 1890இல் மேபலும், எமிலியோடு கடிதத் தொடர்பில் இருந்த எழுத்தாளர் ஹிக்கின்சனும் சேர்ந்து பதிப்பித்து வெளிவந்தது, கடிதங்கள் 1894இல். கணவனின் காதலி பதிப்பாசிரியர், மனைவி பக்கத்து வீட்டில். அந்தத் தொகுப்பில் சூசன் இல்லாமல் போனதில் வியப்பென்ன?

விட்டுவிட்டதோடு நிற்கவில்லை. எமிலி தன் அண்ணனுக்கு எழுதிய பழைய கடிதங்களில் சூசனைப் பாசத்தோடு குறிப்பிட்ட இடங்கள் சுரண்டப்பட்டிருக்கின்றன, சில இடங்களில் கத்தரிக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் வீட்டில் ஒரு சகோதரி, வேலிக்கு அப்பால் இன்னொருத்தி என்று சூசனைப் பாடும் கவிதை ஒன்று உண்டு. எமிலி தானே தைத்துவைத்த ஏட்டில் இருந்த அதன் பிரதியை யாரோ வரிவரியாக மை தீட்டி அழித்திருக்கிறார்கள். சூசனுக்கு அனுப்பிய பிரதி அவரிடம் பத்திரமாக இருந்ததால்தான் கவிதை பிழைத்தது. 1914இல் மார்த்தா அதை அச்சேற்றினார். மார்த்தாவும் முத்தத்தை வெட்டியவர்தானே என்று கேட்கலாம். ஊர் வாயில் விழுந்து நொந்த தாயின் பெயரை மகள் காக்க நினைத்தார் என்றே நான் புரிந்துகொள்கிறேன். வன்மத்தில் மறைத்ததும் பாசத்தில் மறைத்ததும் வாசகரை ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விட்டன.

1898இல் ஒரு துண்டு நிலத்துக்காக லவினியா மேபல்மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். மேபல் தன்னிடம் இருந்த கையெழுத்துப் பிரதிகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். முப்பது ஆண்டு அவை வெளியே வரவில்லை. சூசன் பக்கத்துத் தாள்கள் கைமாறி 1950இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போயின. மேபல் பக்கத்துத் தாள்களை அவர் மகள் மில்லிசென்ட் டாட் பிங்கம் 1956இல் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரிக்குக் கொடுத்தார். ஆகவே சூசன் கடிதங்கள் ஹார்வர்டில், மாஸ்டர் வரைவுகளும் லார்டு வரைவுகளும் ஆம்ஹெர்ஸ்டில். யார் கையில் எந்தக் கட்டு இருந்ததோ அவர்கள் அந்தக் காதலையே பெரிதாகச் சொன்னார்கள். பிங்கம் 1954இல் லார்டு கடிதங்களைப் பெரிய கண்டுபிடிப்பாக வெளியிட்டதையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

சூசன் மட்டுமா, எல்லோருமா?

இன்று வாங்குபவர் முன்னால் உள்ள உண்மையான தேர்வு இரண்டே நூல்களுக்கு இடையில்தான்: 1998இன் 'ஓபன் மீ கேர்ஃபுல்லி', 2024இன் ஹார்வர்டு முழுத்தொகுப்பு.

'ஓபன் மீ கேர்ஃபுல்லி' என்ற தலைப்பு பதிப்பாசிரியர்கள் யோசித்து வைத்ததில்லை. 'என்னைக் கவனமாகத் திற' என்று சூசனுக்கு அனுப்பிய கடிதம் ஒன்றில் எமிலியே எழுதிய சொற்கள் அவை. பாரிஸ் பிரஸ் என்ற சிறிய பதிப்பகம் வெளியிட்டது. சூசனுக்கு முப்பத்தாறு ஆண்டுகளில் எழுதிய கடிதங்கள், கடிதமா கவிதையா என்று பிரிக்க முடியாதவை, துண்டுச்சீட்டுகள் எனச் சுமார் 250 இதில் உண்டு. காகிதத்தில் எமிலி எந்த இடத்தில் வரியை முறித்தாரோ அதே இடத்தில் அச்சிலும் முறித்திருக்கிறார்கள். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் முதுமையில் எமிலி எழுதிய சீட்டுகளில் ஒரு வரிக்கு இரண்டு சொல், மூன்று சொல்தான். அவற்றைப் பத்தியாக ஓட்டி அச்சிட்டால் சாதாரணக் குறிப்புகள் மாதிரி கடந்துபோய்விடுகின்றன. முறித்த வரிகளில் பார்க்கும்போது ஒவ்வொரு சொல்லும் நின்று நிதானித்து வருகிறது.

இந்த நூலின் பெரிய பலம், ஒரு உறவு முழுதாகக் கண்முன் வளர்வது. 1850களின் தொடக்கத்துக் கடிதங்கள் நீளமானவை. ஏக்கம் கரைபுரண்டு ஓடும் இருபது வயது எழுத்து. 'உலகம் அகன்றுகொண்டே போகிறது, நீ வராத ஒவ்வொரு நாளும் அன்பானவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்' என்கிறார் ஓரிடத்தில். என் பெரிய இதயத்தைக் காணோம், என் சொந்த இதயம் சூசி சூசி என்று கூப்பிட்டுக்கொண்டு அலைகிறது என்கிறார். 1854இல் ஒரு கடிதம் திடுக்கிட வைக்கும்: 'சூ, நீ போகலாம், இருக்கலாம்' என்று தொடங்கி, சமீபமாக நாம் அடிக்கடி முரண்படுகிறோம், இதுவே கடைசியாக இருக்க வேண்டும் என்று போகிறது. காதல் கடிதத் தொகுப்புகளில் இப்படிப்பட்டவற்றை வைக்கத் தயங்குவார்கள். இங்கே அது தன் இடத்திலேயே இருக்கிறது, அதனால் அடுத்து வரும் சமாதானமும் நம்பும்படி இருக்கிறது.

சூசன் அண்டை வீட்டுக்கு வந்தபின் தபாலுக்குத் தேவையில்லை. வேலைக்காரர் கையிலோ குழந்தைகள் கையிலோ சீட்டு போகும். கடிதம் சுருங்குகிறது, கவிதை பெருகுகிறது. வேறு யாருக்கும் அனுப்பியதைவிட அதிகமான கவிதைகள் சூசனுக்குத்தான் போயிருக்கின்றன. 1861இல் நடந்த ஒரு பரிமாற்றத்துக்காகவே இந்த நூலை வாங்கலாம். வெண்பளிங்கு அறைகளில் பத்திரமாக உறங்கும் இறந்தவர்களைப் பற்றிய கவிதையின் இரண்டாம் பாட்டை எமிலி மாற்றி அனுப்புகிறார். எனக்கு அது பொருந்தவில்லை என்று சூசன் தயங்காமல் பதில் எழுதுகிறார். முதல் பாட்டுக்கு ஈடான இன்னொன்று உன் ராஜ்யத்திலேயே கிடையாது, அதை நினைத்தபின் நெருப்பருகே போய் உட்காருவேன், ஆனால் குளிர் விடுவதில்லை என்கிறார். எமிலி வேறொரு பாட்டு எழுதி அனுப்புகிறார். 'உன் பாராட்டு எனக்கு நல்லது, ஏனென்றால் அது தெரிந்து பாராட்டுகிறது' என்கிறார். எமிலிக்கு வந்தவை எரிந்துபோன நிலையில், சூசனின் குரல் நமக்கு நேரடியாகக் கேட்கும் அரிய இடம் இது. 1882 வாக்கில் எழுதிய ஒரு சீட்டில் எமிலி சொல்வதையும் சேர்த்துப் படியுங்கள்: ஷேக்ஸ்பியரைத் தவிர, உயிரோடிருக்கும் யாரையும்விட அதிகமான அறிவை எனக்குச் சொன்னவள் நீ. இந்தக் காதலின் பாதி உயரம் இந்த இலக்கியத் தோழமையில் இருக்கிறது. முத்தத்தை மட்டும் தேடிப் போகிறவர்கள் அதைத் தவறவிடுவார்கள்.

1883 அக்டோபரில் சூசனின் கடைசி மகன், எட்டு வயது கில்பர்ட், டைஃபாய்டில் இறந்தான். பல ஆண்டுகளாக வீட்டைவிட்டு வெளியே வராத எமிலி அந்த இரவு அண்ணன் வீட்டுக்குப் போனார். பிறகு சூசனுக்கு எழுதிய இரங்கல் கடிதம் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட துக்கக் கடிதங்களில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம். இருபது வயதில் காய்ச்சலோடு எழுதியவளும் இதை எழுதியவளும் ஒரே ஆள்தான் என்பதைத் தொடர்ந்து படித்து வந்தவருக்கே முழுதாக உணர முடியும்.

குறை இல்லாமல் இல்லை. ஹார்ட்டும் ஸ்மித்தும் ஒரு கட்சியைச் சேர்ந்தவர்கள்: எமிலியின் வாழ்வில் மையம் சூசன்தான், அதை உலகம் மறைத்துவிட்டது என்பது அவர்கள் வாதம். முன்னுரையிலும் பகுதிகளுக்கு முன்வரும் குறிப்புகளிலும் அது ஓங்கி ஒலிக்கும். வாதத்தின் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். ஆனால் எமிலி மற்றவர்களுக்கும் உணர்ச்சி பொங்க எழுதினார் என்பதும், அக்காலத்து அமெரிக்கப் பெண்கள் தோழிகளுக்கு எழுதும்போது இந்த அளவு கொஞ்சல் வழக்கத்தில் இருந்தது என்பதும் இந்த நூலை மட்டும் படித்தால் தெரிய வராது. தேதி குறிக்கும் பழக்கம் எமிலிக்கு இல்லாததால், கையெழுத்து மாற்றத்தை வைத்து ஊகித்த ஆண்டுகளே பல இடங்களில் உள்ளன. இவற்றை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

2024 தொகுப்பு இந்தக் குறையைத் தீர்க்கிறது. கிறிஸ்டான் மில்லரும் டோனல் மிச்சலும் பதிப்பித்த ஒரே பாகம், 900 பக்கத்துக்கு மேல், 1,304 கடிதங்கள். ஜான்சனிடம் இருந்தவை 1,049. இந்த வித்தியாசம் முழுதும் புதிய கண்டுபிடிப்பால் வந்ததில்லை. கவிதை மட்டும் எழுதி அனுப்பிய தாள்களில் பலவற்றை ஜான்சன் கடிதமாகக் கொள்ளவில்லை. மில்லரும் மிச்சலும் கடிதமாக அனுப்பப்பட்ட கவிதைகளைக் கடிதம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அதனால் மிகவும் லாபமடைந்தது சூசன் பகுதிதான். பல தேதிகளையும் திருத்தியிருக்கிறார்கள். எமிலி சரித்திரத்தில் வாழவில்லை, அதைப் பற்றி அவருக்கு ஒரு பார்வையும் இல்லை என்ற பொருளில் ஜான்சன் தன் முன்னுரையில் எழுதியிருந்தார். புதிய பதிப்பின் அடிக்குறிப்புகள் அதை அடியோடு மறுக்கின்றன. அன்றைய செய்தித்தாள், உள்நாட்டுப் போர், ஊர் அரசியல், படித்த நாவல் எதையெல்லாம் அவர் கடிதத்துக்குள் இழுத்துவந்தார் என்று காட்டுகின்றன.

ஆனால் காதல் கடிதங்களுக்காக வருபவருக்கு இந்த நூல் பொறுமையைக் கேட்கும். எல்லாம் கால வரிசையில். சூசனுக்கு ஒரு பக்கம், அடுத்தது அண்ணனுக்கு, அடுத்தது ஒன்றுவிட்ட சகோதரிகளுக்குப் பூச்செடி பற்றி, பிறகு பக்கத்து வீட்டுக்கு ஜெல்லி அனுப்பிய குறிப்பு. மலைக்கோட்டைப் படிக்கட்டு மாதிரி, நின்று மூச்சுவாங்கித்தான் ஏற வேண்டும். வரிக்கு வரி கையெழுத்தைப் பின்பற்றுவதும் இதன் நோக்கமல்ல. மற்றபடி, எமிலியின் கடிதம் பற்றி எதையாவது மேற்கோள் காட்டி எழுதப்போகிறவர், ஆய்வு செய்பவர், ஹார்ட்–ஸ்மித் வாதத்தைச் சரிபார்க்க நினைப்பவர் ஆகியோருக்கு இதுதான் நூல். இனிமேல் இதைத் தவிர்க்க முடியாது.

ஜான்சனின் 1958 பதிப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தியோடோரா வார்டின் துணையோடு அவர் செய்தது மகத்தான வேலை. அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் அதைத்தான் படித்தது. பழைய ஆய்வு நூல்களெல்லாம் அவருடைய கடித எண்களையே சுட்டுவதால் நூலகத்தில் பார்த்துக்கொள்ள உதவும். காசு கொடுத்து இன்று வாங்கத் தேவையில்லை.

மாஸ்டர், நீதிபதி

மாஸ்டர் கடிதங்கள் மூன்றும் எமிலியின் தாள்களுக்கிடையே கிடைத்த வரைவுகள். அனுப்பப்பட்டதற்கு எந்தச் சான்றும் இல்லை. மூன்றும் முழுதாக அச்சில் வந்தது 1955இல்தான். பத்திரிகையாசிரியர் சாமுவேல் பவுல்ஸ், பாதிரியார் சார்லஸ் வாட்ஸ்வொர்த் என்று பல பெயர்களைச் சொல்லியிருக்கிறார்கள். யாரும் நிரூபிக்கவில்லை. எழுத்து என்னவோ எலும்பு வரை போகிறது. தன்னை டெய்சி என்று பெயர் சொல்லிக்கொண்டு, ஆளையே அஃறிணையாக விளித்து, நான் அதை வருத்தினேனா என்று ஒன்று தொடங்குகிறது. இன்னொன்றின் தொடக்கம்: 'ஒரு பறவைமேல் குண்டு பாய்வதை நீங்கள் கண்டு, தன்மேல் குண்டு படவில்லை என்று அது சொன்னால், அதன் நாகரிகத்தை நினைத்து அழுவீர்கள், ஆனால் அதன் பேச்சை நிச்சயம் நம்பமாட்டீர்கள்.'

இங்கே பதிப்பு எது என்பது அர்த்தத்தையே மாற்றிவிடுகிறது. ஜான்சன் வரிசையில் டெய்சி கெஞ்சும் கடிதம் கடைசியில் வருகிறது. கதை மன்றாட்டில் முடிகிறது. 1986இல் ரால்ஃப் ஃபிராங்க்ளின் கையெழுத்தை ஆராய்ந்து அதை நடுவுக்கு நகர்த்தினார், பறவைக் கடிதத்தைக் கடைசியில் வைத்தார். அவருடைய சிறு நூல் கடிதங்களின் நிழற்பிரதிகளை உறையில் போட்டே தந்தது. பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வருத்தமில்லை. மார்ட்டா வெர்னர் இந்த வரைவுகளை மறுபடி ஆராய்ந்து 2021இல் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரிப் பதிப்பகம் வழியாக வெளியிட்ட நூலை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். மூலத் தாள்களின் படங்களையும் கல்லூரி தன் மின்தொகுப்பில் வைத்திருக்கிறது. அடித்ததும் திருத்தியதும் கண்ணுக்குத் தெரிகிற அந்தப் படங்களை ஒருமுறை பார்த்துவிட்டால், அச்சில் ஒழுங்காகக் கோத்த வடிவம் எவ்வளவு சாதுவாக இருக்கிறது என்று புரியும்.

நீதிபதி லார்டு எமிலியைவிடப் பதினெட்டு வயது மூத்தவர், அப்பாவின் நண்பர், மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்ற நீதிபதி. அவர் மனைவி 1877இல் இறந்தபின் இந்த உறவு மலர்ந்தது. எமிலிக்கு அப்போது நாற்பத்தேழு. கிடைப்பவை வரைவுகளும் துண்டுகளும் மட்டுமே, சிலவற்றில் கத்தரிக்கோலும் விளையாடியிருக்கிறது. இவற்றில் இளமைக் கடிதங்களின் தவிப்பு இல்லை. நிறைவும் சிரிப்பும் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை மிகச் சோர்ந்த நாள் என்கிறார். போன கடிதம் வந்து அதிக நாள் ஆகவில்லை, அடுத்த கடிதம் கருக்கொள்ளவும் இல்லை. நான் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கும்போதுதான் நீங்கள் மிக மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள், மொழியிடம் நாம் ஒப்படைக்கும் சொற்களில் 'இல்லை' என்பதுதான் மிகவும் கட்டற்றது என்று தெரியாதா என்று கேட்கிறார். 1884இல் லார்டு இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து எமிலியின் சவப்பெட்டியில் லவினியா இரண்டு ஹீலியோட்ரோப் பூக்களைக் கையருகே வைத்து, நீதிபதி லார்டுக்குக் கொண்டுபோகட்டும் என்றார். சூசன் கட்சியினர் இந்தக் கடிதங்களைக் கடந்துபோய்விடுவது எனக்கு உடன்பாடில்லை. ஒரு மனம் இரண்டு பேரை நேசிக்க முடியாது என்று யார் சொன்னது? லார்டு கடிதங்களுக்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம், 2024 தொகுப்பிலேயே அனைத்தும் உண்டு. பிங்கமின் 1954 நூல் அதன் காலத்துக்கு முக்கியமானது, இன்று சேகரிப்பாளருக்கானது.

எதை, யார்

ஒரே ஒரு நூல்தான் வாங்க முடியும், காதல் கடிதங்களைத்தான் படிக்க வேண்டும் என்பவருக்கு என் பதில் 'ஓபன் மீ கேர்ஃபுல்லி'. வாதம் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தாலும், முன்னுரையைக் கடைசியில் படித்துக்கொள்ளலாம். கடிதங்கள் தாமே பேசும். முழு உறவையும் சில நாட்களில் படித்து முடிக்க முடியும் என்பதும் சாதாரண வசதியில்லை. 2024 தொகுப்பை அதன் பிறகு வாங்குங்கள், அல்லது கல்லூரி நூலகத்தில் வாங்கச் சொல்லுங்கள். யாரோ ஒருவர் தேர்ந்து கொடுத்ததைப் படிக்க மனம் ஒப்பாதவர்கள் நேராக 2024க்கே போகலாம். சூசன், லார்டு பெயர்களைப் பெயரடைவில் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தாவலாம்.

இப்போதைக்குப் பணம் செலவழிக்க முடியாத மாணவர்களுக்கு 1894 பதிப்பு பதிப்புரிமை தீர்ந்து இணையத்தில் கிடைக்கிறது. மலிவு விலை மறுபதிப்புகளில் பல இதிலிருந்து எடுத்தவையே. சூசன் இல்லை என்று தெரிந்துகொண்டு படித்தால் இதுவும் பயனுள்ளதுதான். எமிலி தன் ஒன்றுவிட்ட சகோதரிகளான நார்க்ராஸ் சகோதரிகளுக்கு எழுதிய கடிதங்களின் மூலங்கள் அழிந்துவிட்டன. அவை நமக்கு மிஞ்சியதே மேபலின் இந்தப் பதிப்பால்தான். காதல் கடிதம் வேண்டுமென்றால் இலவசமாகக் கிடைக்கும் மாஸ்டர் வரைவுகளில் தொடங்குங்கள்.

ஆங்கிலக் கவிதையில் அதிகம் பழக்கமில்லாதவர்கள் பின்னாட்களின் சீட்டுகளில் தொடங்கினால் திணறுவார்கள். 1852 ஜூன் 11 கடிதத்தை முதலில் எடுங்கள். எமிலியின் அப்பா விக் கட்சி மாநாட்டுப் பிரதிநிதியாக, சூசன் இருந்த அதே பால்டிமோருக்குப் போகிறார். நான் ஏன் அந்த மாநாட்டுக்குப் பிரதிநிதியாகக் கூடாது, டேனியல் வெப்ஸ்டரையும் சுங்க வரியையும் சட்டத்தையும் பற்றி எனக்கு எல்லாமே தெரியாதா, அமர்வின் இடைவேளையில் உன்னை வந்து பார்த்துவிடுவேனே என்று எழுதுகிறார் அந்த இருபத்தொரு வயதுப் பெண். அடுத்து, இரண்டு வாரம் கழித்து எழுதிய ஜூன் 27 கடிதம். அப்புறம் 1854இன் சண்டைக் கடிதம், 1861இன் கவிதைப் பரிமாற்றம். இந்த நான்கையும் படித்தபின் மற்றவற்றை வரிசையாகப் படித்துக்கொண்டு போகலாம்.